தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் கொடுத்த முதல் சாமான் ஒரு தராசு. வட்டமான முகம், உள்ளே முள் ஓடும். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. மேல் கொக்கியை மரக்கிளையில் மாட்ட வேண்டும். கீழ்க் கொக்கியில் தடித்த துணியில் தைத்த கால்சட்டை ஒன்று தொங்கும். பிள்ளையின் இரண்டு காலையும் அதற்குள் நுழைத்துத் தொங்கவிட்டால் முள் எடையைக் காட்டும். பிள்ளை எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தும். ஊர்ப் பெண்கள் அதற்குக் கெடியாரத் தராசு என்று பெயர் வைத்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் எங்கள் ஆபீஸ். கால்காசு ஆனாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அது கவர்ன்மென்ட் உத்தியோகமே இல்லை, ஓர் ஆராய்ச்சிக்கு எடுத்த வேலை, அது முடிகிற அன்று வேலையும் முடிந்துவிடும் என்பதை நான் அவளிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீட்டை விட்டு வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஆராய்ச்சியை எங்களுக்கு விளக்கியவர் வெளியூரிலிருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் ஒரு டாக்டர். சின்னப் பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பது, இளைக்கிற பிள்ளைக்குச் சத்துமாவு கொடுப்பது, அதனால் எவ்வளவு தேறுகிறது என்று கண்டுபிடிப்பது. கண்டுபிடித்துக் காட்டிவிட்டால் ஜில்லா முழுக்க மாவு வரும் என்றார். அதற்கு மாவு கொடுக்கிற ஊர் வேண்டும், கொடுக்காத ஊரும் வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் தேறியது மாவாலா, அந்த வருஷம் பெய்த மழையாலா என்று மேலே இருப்பவர்கள் கேட்பார்கள். ஆபீசில் உட்கார்ந்து கேட்டபோது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

என் பங்குக்கு வந்தவை பசுவந்தனைப் பக்கம் இரண்டு ஊர்கள். நடுவில் ஓர் ஓடை. மழைக்காலம் தவிர மற்ற நாளில் அதில் உடைமர நிழல்தான் ஓடும். ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்ததை நாங்கள் மாவு ஊர் என்போம். அந்தப் பக்கம் இருந்தது சும்மா ஊர். சும்மா நிறுத்துவிட்டு வருகிற ஊர் என்பதால் அந்தப் பெயர். ஆபீசில் விளையாட்டாக வைத்தது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு ஊருக்கும் கொண்டான் கொடுத்தான் உறவு. அக்கா இங்கே, தங்கச்சி அங்கே. அக்கா பிள்ளை தினமும் மாவு உருண்டை தின்று கன்னம் வைத்தது. தங்கச்சி பிள்ளை தராசில் தொங்கிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். சும்மா ஊரில் அழுத பிள்ளைக்கு எடைதான் கிடைத்தது. சிலர் பிள்ளைகளை ஓடை தாண்டி அக்கா வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மாவை எங்கள் முன்னால்தான் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும், அந்த ஊர்ப் பிள்ளைக்கு மட்டும்தான் ஊட்ட வேண்டும் என்பது விதி. வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினோம். அந்த வேலையை நான் என் வாயால் செய்தேன்.  அன்றெல்லாம் வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுவேன்.

அந்த வருஷம் கரிசல் காய்ந்து கிடந்தது. விதைத்த கம்பு முளைத்த மட்டோடு நின்றுவிட்டது. பெண்களும் ஓரளவு வளர்ந்த பெண்பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீசுக்குத் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கப் போனார்கள். விடிவதற்குள் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. எடை போடுகிற நாளில் மட்டும் தாய்மார்கள் வேலைக்குப் போகாமல் நிற்பார்கள். ஒரு நாள் கூலியை எனக்காக விட்டார்கள் என்பதை நான் மறக்கக் கூடாது.

சும்மா ஊர்ப் பெண்களிடம் வாய்க்குக் குறைச்சல் இல்லை. “எங்க ஊருல ஆட்டைத்தான் நிறுப்பாங்க, அதுவும் அறுக்கதுக்கு முந்தி” என்று ஒருத்தி முதல் மாதமே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய. எடையை உரக்கச் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று அவர்கள் ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். அதனால் முள் நின்றதும் தாயின் காதருகே போய்ச் சொல்வேன். கூடியிருந்தால் சிரிப்பாள். குறைந்திருக்கிறது என்று ஒருத்தி காதில், அவள் தலைமுடி முகத்தில் படச் சொல்வது போலக் கஷ்டம் வேறில்லை. ஊருக்கு முன்னால் உரக்கச் சொல்லிவிடலாம், அது எளிது. காதில் சொன்னால் அவள் நம் முகத்தைப் பார்ப்பாள். “சரி டீச்சர், இப்பம் என்ன செய்ய?” என்று அவளும் காதோடு கேட்பாள். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனாலும் கைப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்குகிற பெண் என்றால் அவர்களுக்கு டீச்சர்தான். கேப்பைக் கூழில் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கொடுங்கள், ரொம்ப முடியாவிட்டால் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வேன். எண்ணெய்க்கு எங்கே போவாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்தச் சும்மா ஊர்க் கோடியில் இருந்த ஒருத்திக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது ஓர் ஆண்பிள்ளை. நடக்கிற வயது வந்தும் உட்காரத்தான் செய்தான். நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து முள் அவனுக்காக அசைந்ததே இல்லை. பிறகு அசைந்தது, கீழ்நோக்கி. மற்றப் பிள்ளைகள் கால்சட்டைக்குள் போனதும் கத்தும், உதைக்கும். இவன் கத்துவதை நிறுத்திவிட்டான். தொங்கியபடி என்னையே பார்ப்பான். கத்தாத பிள்ளையைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அன்று எல்லாரும் போன பிறகும் அவள் நின்றாள். எதிர்வீட்டு மதினியையும் துணைக்கு வைத்திருந்தாள்.

“டீச்சர், ஒரு காரியம் கேப்பேன், வையக் கூடாது. இவனைத் தவிட்டுக்கு வாங்கிக்கிடுதீங்களா?”

எனக்கு அந்த வழக்கம் தெரியும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததை முறத்தில் கிடத்தி, வேறு வீட்டுக்காரிக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை பெற்றவளிடமே வளரும், ஆனால் அவளுடையது இல்லை. கொண்டுபோக வருகிறது எதுவோ அது, இந்த வீட்டில் பிள்ளையே இல்லை, தவிட்டு விலைக்குப் போனதை எடுத்து என்ன செய்ய என்று திரும்பிவிடும். வாங்குகிறவள் பிள்ளைகுட்டிக்காரியாக இருக்க வேண்டும். கல்யாணமே ஆகாத என்னிடம் ஏன் கேட்கிறாய், ஊருக்குள் ஆள் இல்லையா என்றேன். இதற்கு முந்திய பிள்ளையை ஊருக்குள்தான் விற்றாளாம். அதுவும் போய்விட்டதால் இப்போது வாங்க எல்லாருக்கும் பயம்.

“உள்ளூருல வித்தா வீடு தெரிஞ்சு வந்துருது டீச்சர். நீங்க டவுன்ல இருக்கீங்க. அது பஸ் ஏறியா வரப் போவுது?”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எதிர்வீட்டு மதினி என் கல்யாணப் பேச்சுக்கும் பதில் வைத்திருந்தாள். ஊரில் இருக்கிற பிள்ளை பூராவும் மாசாமாசம் உங்கள் கையில்தானே தொங்குகிறது, உங்களைவிடப் பிள்ளைக்காரி யார் இருக்கிறாள் என்றாள். நான் சரி என்றதும் பிள்ளையை ஒரு முறத்தில் கிடத்தினாள். தவிடும் அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் அதை வாங்கிப் பெற்றவளின் மடியில் போட்டேன். அவள் பிள்ளையைத் திரும்பிப் பார்க்காமல் போய்த் தவிட்டை ஆட்டுத் தொட்டியில் கொட்டினாள். விற்ற தவிட்டை வீட்டில் வைக்கக் கூடாது, ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிட வேண்டும். நான் முறத்திலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்து, மதினி சொல்லிக்கொடுத்தபடி, “இது என் பிள்ளை, கொஞ்ச நாளைக்கு வளர்த்துக் குடுங்க” என்று திருப்பிக் கொடுத்தேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த வார்த்தையை ஒன்று விடாமல் சொன்னேன். அன்றிலிருந்து ஊர் அவனுக்கு வைத்த பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர் வந்த நாளில் அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். சும்மா ஊர்ப் பிள்ளைகளுக்குத்தானே மாவு கூடாது என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

“அப்ப ஒருத்தன் அந்த ஊர்ப் பிள்ளை இல்ல சார். என் பிள்ளை. நான் கோவில்பட்டி.”

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். இது ஆராய்ச்சியம்மா, பட்டிமன்றம் இல்லை என்றார். நான் நகரவில்லை. என் குணம் அப்படி, வீட்டிலும் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவர் மேஜையில் ஆறிப்போன டீயை ஒரு வாய் குடித்தார். அவனை நம் கணக்கிலிருந்து எடுத்துவிடு, மாவு ஊரில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகட்டும், ஆனால் இந்த ஒருத்தனோடு நிற்கட்டும் என்றார். எதிர்த்துப் பேசி ஒரு காரியத்தில் ஜெயித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போகிற வழியில் எனக்கு நானே ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்தேன்.

அவன் தேறினான். எதிர்வீட்டு மதினி தன் வேலையை விட்டுவிட்டு அவனை இடுப்பில் வைத்து ஓடை தாண்டிக் கொண்டுவருவாள். சில நாள் பெற்றவளே வருவாள். நாலைந்து வாரத்தில் உருண்டையைக் கேட்டுக் கத்த ஆரம்பித்தான். அந்தக் கத்தலைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். பிற்காலத்தில் அவன் மணியாச்சியில் ரயில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் கல்யாணத்தில் தாய்க்கு எடுக்கிற சேலை இரண்டாக எடுத்தான். தவிட்டுக்காரிக்கு ஒன்று என்று பெற்றவளே என்னிடம் நீட்டினாள். இந்தக் கதையை இங்கேயே முடிக்கலாம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவன் ஓடை தாண்டிப் போனதையும் வந்ததையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த எடை நாளில், சும்மா ஊரில் தராசு மாட்டுகிற வேப்பமரத்தடிக்குப் போனேன். வழக்கமாக நான் போய் வீடு வீடாகக் கூப்பிட வேண்டும். அன்று எனக்கு முன்னாலேயே பெண்கள் வந்து நின்றார்கள். இடுப்பில் பிள்ளை, கையில் முறம். சிலரிடம் சின்னத் துணிமுடிச்சு. கிட்டே போன பிறகுதான் முறங்களில் இருந்தது தவிடு என்று தெரிந்தது. வாங்குகிறவள் கொடுக்க வேண்டிய தவிட்டை விற்கிறவர்களே கொண்டுவந்திருந்தார்கள். நான் தவிட்டுக்கு எங்கே அலைவேன் என்று பாவப்பட்டுக் கொண்டுவந்தார்கள். முதல் மாதம் ஆட்டைச் சொல்லிச் சிரித்தவளும் அதில் நின்றாள், இப்போது சிரிக்கவில்லை.

ஒவ்வொருத்தியிடமும் முடியாது என்று சொன்னேன்.  அவனுக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று அவர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும், உங்களுக்கு நாளைக்கு நல்ல பிள்ளை பிறக்கும் டீச்சர் என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபமாவது பட்டிருக்கலாம். யாரும் படவில்லை, என்னிடம் கெஞ்சினார்கள். அந்த வயது வரை என்னிடம் யாரும் அப்படிக் கெஞ்சியதில்லை. ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

கடைசியில் ஒருத்தி. அவள் முறம் கொண்டுவரவில்லை. முந்தானையில் முடிந்த தவிடு. இடுப்பில் இருந்தது பெண்பிள்ளை, செம்பட்டையாகிப்போன முடி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. எடை நாளில் எப்போதும் அந்தப் பிள்ளை என் வளையலைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கும். கழற்றிக் கொடுத்தால் வேண்டாம், கையோடு இருக்க வேண்டும்.

“பொம்பளப்பிள்ளைய யாரும் தவிட்டுக்கு வாங்குறதில்ல, தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாப்பமேன்னு வந்தேன்” என்றாள்.

அவளிடமும் முடியாது என்றேன். சரி என்று தலையை ஆட்டினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, தவிட்டை ஒரு துண்டுத் துணியில் கட்டி என் தராசுப் பையின் மேல் வைத்தாள். நான் வேண்டாம் என்று எடுத்துக் கொடுக்கப் போனேன். “இருக்கட்டும் டீச்சர், மனசு மாறுனா வாங்குனதா வச்சுக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் டாக்டர் வருகிற நாள், அந்த முடிச்சைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அவர் அவிழ்த்துப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நான் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அவர் பதிலுக்குக் கத்தவில்லை.

“இந்த ஊருக்கும் நாளைக்கே மாவு குடுத்துடலாம். வருஷக் கடைசியில மாவால என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. நான் என்னத்தக் காட்டுவேன்? ஜில்லாவுல மத்த பிள்ளைங்களுக்கு எல்லாம் யாரு பதில் சொல்லுவா?”

“இந்தப் பிள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா சார்?”

 அவர் சொன்னது தப்பில்லை. தப்பாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவர் முடிச்சைத் திரும்பக் கட்டிவிட்டு, மோசமாக இளைத்த பிள்ளைகளுக்கு மட்டுமாவது எந்த ஊரானாலும் மாவு கொடுக்க அனுமதி கேட்டு மேலே எழுதுகிறேன் என்றார். அன்றே எழுதினார். அது எனக்குத் தெரியும், அந்தக் கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன்.

பதில் வரத் தாமதமானது. அடுத்த மாத எடை நாளில் அந்தப் பெண்பிள்ளையின் எடை மறுபடியும் இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகத் தாயிடம் சொன்னேன். போனாள், மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமல் பாதியில் திரும்பிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். தவிட்டு முடிச்சு என் தராசுப் பையிலேயே கிடந்தது. டாக்டர் அதைத் திருப்பிக் கொடுத்திருந்தார். தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை, வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை.

ஆராய்ச்சி கடைசியில் ஜெயித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாவு தின்ற பிள்ளைகள் தேறியதும் தின்னாத பிள்ளைகள் தேறாததும் நன்றாகவே தெரிந்தது. அதைக் காட்டித்தான் பிறகு எத்தனையோ ஊருக்கு மாவு போனது. என் அக்கா பிள்ளைகள்கூட அதைத் தின்றார்கள். அதனால் அந்த ஆராய்ச்சியே கூடாது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. சரி என்று சொல்லவும் வாய் வராது. யாராவது என்னிடம் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினால் நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

டாக்டர் எழுதிக் கேட்ட அனுமதி ஒரு வழியாக வந்தது. அடுத்த எடை நாளில் ஒரு கையில் தராசுப் பை, மறு கையில் மாவுப் பையோடு சும்மா ஊரில் இறங்கினேன். பஸ்ஸில் வரும்போதே முதல் உருண்டை யாருக்கு என்று முடிவு செய்திருந்தேன். கண்ணாடி வளையல் புதிதாக அடுக்கியிருந்தேன். அந்தப் பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான்.

மரத்தடியில் பெண்கள் இருந்தார்கள். மாவுப் பையைப் பார்த்ததும் யாரும் சந்தோஷப்படவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மதினிதான் பக்கத்தில் வந்து, ஊருக்குள் மணல்வாரி அம்மை வந்து போனதாகச் சொன்னாள். அம்மை இறங்கிய பிறகு வயிற்றால் போயிருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை.  என்னிடம் எப்போதும் காதோடு விஷயம் கேட்கிறவர்கள் அன்று காதோடு எனக்குச் சொன்னார்கள்.

நான் தராசை மாட்டினேன்.  பாதிப் பிள்ளைகளை நிறுத்திருப்பேன், பெண்பிள்ளையின் தாய் வந்தாள். வேலைக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். இடுப்பில் ஒன்றும் இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. அழவில்லை. முறைப்படி நான் துக்கம் விசாரித்திருக்க வேண்டும். மாவு வந்துவிட்டது என்று மட்டும் ஏதோ உளறினேன். கேள்விப்பட்டேன் என்றாள். மற்றப் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்றாள்.

பிறகு என் தராசுப் பையைப் பார்த்தாள்.

“அந்தத் தவிட்டக் குடுத்துருங்க டீச்சர். ஆட்டுக்காவது ஆகும்.”

பையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முடிச்சு அவள் போட்டது போட்டபடி இல்லை, டாக்டர் அவிழ்த்துக் கட்டியிருந்தார். அவள் அதை அவிழ்த்து, மறுபடி தன் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை கால்சட்டையில் தொங்கிக் கத்திக்கொண்டிருந்தது. திரும்பி முள்ளைப் பார்த்து, அதன் தாயின் காதருகே குனிந்தேன்.